நாலு பேர் டீமில் கோடிங் நான் மட்டும்தான்! – வாசகர் கேள்வி பதில்

புராஜெக்ட் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டதுதான் தாமதம், எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி. பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் என்று மூன்று தரப்பும் எழுதிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, பெயரை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எம்.சி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். நாலு பேர் டீம். ஒருத்தி பி.பி.டி. செய்கிறாள், ஒருவன் டாக்குமென்ட் எழுதுகிறான், இன்னொருவன் ‘டெஸ்டிங்’ என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்கிறான். கோடிங் முழுக்க நான். மார்க் மட்டும் நாலு பேருக்கும் ஒன்று. தனியாகவே செய்துகொள்கிறேன் என்று கைடிடம் கேட்கலாமா? – ஓமலூர் வாசகி

பதில்: கேட்க வேண்டாம் தங்கச்சி. உங்கள் கோபம் நியாயம்தான். நாலு பேர் டீம் என்று பெயருக்குச் சொல்லிவிட்டு ஒருத்தர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது நம்ம ஊர்க் கல்லூரிகளில் புதுசும் இல்லை. ஆனால் தனியாகப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கோடிங்கை மட்டும் கற்றுக்கொள்ள டீம் எதற்கு? ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் லேப்டாப்பும் யூடியூபும் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டு வேலைக்கும் வந்திருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளவே முடியாத ஒன்று, நீங்கள் எழுதியதும் இன்னொருத்தர் எழுதியதும் வந்து சேருகிற இடம். வேலைக்குப் போனால் புதிதாக எழுதுவதைவிட, யாரோ எழுதி வைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட புரோகிராமைப் படித்து, அவர் என்ன நினைத்து இப்படிச் செய்தார் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் பாதிப் பொழுது போகும். அந்தப் பழக்கத்துக்குக் கல்லூரியில் கிடைக்கிற ஒரே இடம் இந்த டீம் புராஜெக்ட். உங்கள் டீமில் எழுதுகிறவர் ஒருத்தர்தான் என்பதால் சேருகிற இடமே இல்லை. அதாவது மற்ற மூன்று பேர் மட்டுமல்ல, நீங்களும் இதில் பாதியைத்தான் கற்றுக்கொள்கிறீர்கள்.

கோளாறு பங்கு பிரித்த விதத்தில் இருக்கிறது. கோடிங் ஒருத்தர், டாக்குமென்ட் ஒருத்தர் என்று வேலையின் வகையை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். அப்படிப் பிரிக்காமல், அந்தச் சாஃப்ட்வேர் செய்கிற காரியத்தை வைத்துப் பிரியுங்கள். சேலத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வெள்ளி எடை போட்டுக் கொடுப்பது ஒன்று, கொலுசாகத் திரும்ப வாங்கிச் சேதாரம் கழிப்பது ஒன்று, கூலி போடுவது ஒன்று, மாதக் கடைசியில் கையிருப்பு பார்ப்பது ஒன்று. நாலு காரியம், நாலு பேர். அவரவர் காரியத்துக்கு ஸ்கிரீனிலிருந்து டேட்டாபேஸ் வரைக்கும், டெஸ்டிங்கும் இரண்டு பக்க டாக்குமென்டும் உட்பட, எல்லாமே அவரவர்தான்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. வெள்ளி கொடுக்கிற பகுதியை எழுதினவர் எடையைக் கிராமில் வைத்திருப்பார். கையிருப்பு எழுதினவர் மொத்தச் சரக்குதானே என்று கிலோவில் வைத்திருப்பார். இரண்டும் வெறும் எண்தான், கம்ப்யூட்டர் வாயே திறக்காது. சேதாரத்தை ஒருத்தர் கொடுத்த எடையின் மேல் போட்டிருப்பார், கூலி போடுகிறவர் திரும்பி வந்த எடையின் மேல் போட்டிருப்பார். இன்னொருத்தர் எடையைச் சாதாரணத் தசம எண்ணாக வைத்திருப்பார், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராமல் 0.30000000000000004 என்று வந்து நிற்கும் (சந்தேகமாக இருந்தால் பைத்தானைத் திறந்து இப்போதே தட்டிப் பாருங்கள்). தனித்தனியாக ஓட்டினால் நாலும் அருமையாக ஓடும். சேர்த்தால் பட்டறைக்காரருக்கு வெள்ளி காணாமல் போயிருக்கும். அன்றைக்கு டீமில் ஒரு சண்டை வரும் பாருங்கள், அந்தச் சண்டைதான் பாடம். எடை எங்கேயும் கிராமில்தான், சேதாரம் கொடுத்த எடையின் மேல்தான் என்று நாலு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வைப்பீர்கள், அந்த ஒரு பக்கம் நூறு பக்க ரெக்கார்டைவிட உசத்தி.

மாணவர்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை நாசா 1999 செப்டம்பரில் இழந்தது. ஒரு குழுவின் சாஃப்ட்வேர் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது, இன்னொரு குழு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு குழுவிலும் கணக்கு தெரியாதவர் யாரும் இல்லை. சேருகிற இடத்தை யாரும் பார்க்கவில்லை.

சரி, கோடிங் பக்கமே வராத அந்த மூன்று பேரை எப்படி எழுத வைப்பது? பாதிப் பேர் சோம்பேறித்தனத்தால் ஒதுங்குவதில்லை, பயத்தால் ஒதுங்குகிறார்கள். நீங்கள் வேகமாக எழுதுகிறவர் என்றால் உங்களைப் பார்த்தே பயம் வந்திருக்கும். மிகச் சின்னதாக ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கீபோர்டைத் தொடாதீர்கள். அவர்கள் போட மறந்துவிட்டுப் பத்து நிமிடம் தேடுகிற அரைப்புள்ளி உங்கள் கண்ணுக்கு முதல் நொடியிலேயே தெரியும், வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். அப்புறம் ஒரே ஒரு கறாரான விதி: யார் எழுதியதானாலும், நீங்கள் எழுதியதும் சேர்த்துத்தான், இன்னொருத்தர் படித்து ‘புரிகிறது’ என்று சொல்லாமல் மெயின் பிராஞ்சில் (டீமுக்குப் பொதுவான பிரதியில்) மெர்ஜ் ஆகி உள்ளே சேரக் கூடாது. ஆரம்பத்தில் வேலை நத்தை மாதிரி நகரும், நகரட்டும். இத்தனைக்கும் அப்புறமும் ஒருவர் கையை நனைக்கவே மாட்டேன் என்றால் கைடிடம் போங்கள். ஆனால் புகாராகப் போகாமல், யார் எந்தத் தேதியில் எதை எழுதினார்கள் என்று கிட் என்கிற சாஃப்ட்வேர் வைத்திருக்கிற பதிவைத் திறந்து காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். லீவு விட்டால் டவர் சரியாக எடுக்காது, மழை பிடித்தால் கரண்டும் போய்விடும். டீமில் மற்றவர்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள். ‘நீ ஆன்லைனில் இல்லை’ என்று என் பகுதியையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். – நாகலூர் வாசகர்

பதில்: தம்பி, கிட்டைப் பயன்படுத்துகிறீர்களா, இல்லை வாட்ஸ்அப்பில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ரியல் ஃபைனல்’ என்று ஜிப் ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? இரண்டாவது என்றால் மலையில் இருந்தாலும் ஒன்றுதான், சேலம் ஐந்து ரோட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.

லினஸ் டார்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதியது லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற, ஒருத்தர் விழித்திருக்கும்போது இன்னொருத்தர் தூங்குகிற ஆட்கள் சேர்ந்து எழுதுகிற வேலை அது. அதனால் முழு வரலாறும் ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டரிலும் இருக்கிற மாதிரி செய்திருக்கிறார். கமிட் செய்ய (மாற்றியதைப் பதிந்து வைக்க), புது பிராஞ்ச் போட (தனிக் கிளையில் எழுதிப் பார்க்க), போன வாரம் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க நெட்டே வேண்டாம். அடுத்தவருக்கு அனுப்பும்போதும் வாங்கும்போதும் மட்டும்தான் வேண்டும். வீட்டில் ஐந்து நாள் உட்கார்ந்து எழுதுங்கள், சின்னச் சின்னதாகக் கமிட் போடுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்தில் டவர் வந்ததும் புஷ் கொடுத்து மற்றவர்களுக்கு அனுப்புங்கள். அதுவும் முடியாத வாரம் என்றால் ‘கிட் பண்டில்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, மொத்த வரலாற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுச் சேலம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம், கிட்டுக்கு அது போதும்.

ஐந்து நாள் கழித்துச் சேர்க்கும்போது கான்ஃப்ளிக்ட் வரும், பயப்படாதீர்கள். ஒரே இடத்தை இரண்டு பேர் மாற்றியிருந்தால் கிட் தானாக முடிவு எடுக்காது. ஏழு இடது அம்புக்குறி போட்டு உங்கள் வரியைக் காட்டும், நடுவில் ஏழு சமக்குறி, கீழே அவருடைய வரி, முடிவில் ஏழு வலது அம்புக்குறி. இதைப் பார்த்ததும் நிறையப் பேர் செய்கிற காரியம், அவருடையதை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்வது. அங்கேதான் டீம் உடைகிறது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு அவருக்குப் போன் போட்டு, ‘நீ ஏன் இப்படி மாற்றினாய்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் வரியும் வேண்டியிருக்கும்.

உங்கள் பகுதியை அவர்களே எழுதிவிடுவது வேறு வியாதி. ‘இந்தத் தேதிக்குள் இது வரும்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்ன தேதிக்கு அனுப்புங்கள். இரண்டு தடவை சொன்னபடி செய்துவிட்டால் மூன்றாவது தடவை கை வைக்க மாட்டார்கள்.

கேள்வி: அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கிறேன். பையன் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு டீமில் ஆளுக்கு எட்டாயிரம் ரூபாய் போட்டு ஒரு சென்டரில் வாங்கப்போகிறோம் என்கிறான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. எல்லாரும் செய்யவில்லை, செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சென்டரில் கொடுப்பது போன வருடம் வேறு கல்லூரிக்குக் கொடுத்ததாகவே இருக்கலாம், தலைப்பும் முதல் பக்கமும் மட்டும் மாறியிருக்கும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து விவரமான தேர்வாளர் வந்து உட்கார்ந்து, ‘இந்த ஃபாரத்தில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு போன் நம்பர் சேர்த்துக் காட்டு’ என்று சொன்னால் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள்.

அந்த எட்டாயிரத்தில் பழைய லேப்டாப்புக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்டுக் கொடுங்கள், அதுவாவது மிஞ்சும். புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால் உங்கள் தறிக்கூடத்திலேயே உட்காரச் சொல்லுங்கள். பாவு எப்போது ஏற்றினீர்கள், எந்தத் தறியில் எத்தனை சேலை இறங்கியது, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று நீங்கள் நோட்டில் எழுதுகிறீர்களே, அது போதும். நாலு பேரும் வந்து உங்களைக் கேள்வி கேட்டு, நீங்கள் சொல்வதில் பாதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, செய்து காட்டி, நீங்கள் ‘இது இல்லப்பா’ என்று சொல்லி, திரும்பச் செய்யட்டும். காசு கொடுத்தாலும் இது கிடைக்காது.

கேள்வி: ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ.வுக்குப் பாடம் எடுக்கிறேன். டீம் புராஜெக்டில் ஒவ்வொருவருக்கும் தனி மார்க் போட நினைக்கிறேன். கிட்டில் கமிட் எண்ணிக்கையை வைத்துப் போடலாமா? – பெயர் வேண்டாம், சேலம்

பதில்: மேடம், எண்ணிக்கையை வைத்துப் போட்டால் அடுத்த வாரமே ஒரு பையன் காலி இடத்தை நகர்த்தி நகர்த்தி நாற்பது கமிட் போட்டிருப்பான். இரண்டு பேர் ஒரே லேப்டாப்பில் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் பெயர் ஒருத்தருக்குத்தான் வரும். பதிவைப் பாருங்கள், எண்ணாதீர்கள்.

தனி மார்க் என்ற உங்கள் எண்ணம் மட்டும் ரொம்பச் சரி. பிரான்சில் ரிங்கல்மேன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913-இல் வெளியிட்டார், ஆள் கூடக் கூடத் தலைக்கு வருகிற பலம் குறைந்தது. 1979-இல் அமெரிக்க உளவியலாளர் லட்டானேயும் கூட இருந்தவர்களும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பார்த்தார்கள், அதே கதை. அவர்களே பிறகு செய்த சோதனையில், ஒவ்வொருவர் சத்தமும் தனியாகத் தெரியும் என்று ஆட்களுக்குச் சொன்னபோது அந்தச் சோம்பல் போய்விட்டது. கூட்டத்தில் நிற்கிற எல்லாருக்கும் வருகிற குணம் அது, உங்கள் பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை.

நான் செய்யச் சொல்வது இரண்டு. ஒன்று, ரிவ்யூவில் அவரவர் எழுதியதைக் கேட்காமல் அடுத்தவர் எழுதியதைக் கேளுங்கள். கூலிப் பகுதியை எழுதின பெண்ணிடம் கையிருப்புப் பகுதியின் ஃபைலைத் திறந்து, இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தெரியாது என்றால் பெண்ணுக்கும் குறையும், அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத பையனுக்கும் குறையும். இதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும், அறிவிக்காமல் செய்தால் அது பழிவாங்கல். இரண்டு, பாதி வழியில் தேவையை மாற்றுங்கள். சேதாரம் எல்லாருக்கும் ஒரே விகிதம் என்று ஆரம்பித்துவிட்டு இரண்டாவது ரிவ்யூவில் ‘ஆளுக்கு ஆள் வேறு விகிதம்’ என்று சொல்லுங்கள். ஒரே எண்ணைப் பத்து இடத்தில் எழுதி வைத்த டீம் அலறும், ஓரிடத்தில் வைத்த டீம் அன்றைக்குச் சாயந்திரமே முடித்துவிடும். நல்ல டிசைன் எது என்று நீங்கள் பாடத்தில் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது அப்போது ஏறும்.

வெளியிலிருந்து ஒரு உண்மையான வாடிக்கையாளர் கிடைத்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் முதுகலைப் படிப்பில் ஸ்டுடியோ என்றே ஒன்று வைத்து, மாணவர் குழுவை நிஜ வாடிக்கையாளரிடம் விட்டுவிடுகிறார்கள், ஆசிரியர் பக்கத்தில் நின்று வழி மட்டும் காட்டுகிறார். அவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. நமக்கு எம்.சி.ஏ.வே 2020-21 முதல் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகிவிட்டது. அதனால் பெரிதாக வேண்டாம், சேலம் லீ பஜாரில் ஒரு மண்டிக்காரர், உங்கள் கல்லூரி கேன்டீன்காரர், யாராவது போதும். மாதம் ஒரு தடவை வந்து உட்கார்ந்து முகம் சுளித்துவிட்டுப் போனால் சரி.

கேள்வி: சப்மிஷனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, பாதிகூட முடியவில்லை. கைடு இன்னொரு டீமிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். நல்லதுதானே? – ஆத்தூர் வாசகர்

பதில்: இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதி வைத்துவிட்டார்: தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவர்தான் வேலையை நிறுத்த வேண்டும். நாலு பேர் இருந்தால் ஒருத்தரோடு ஒருத்தர் பேச வேண்டிய ஜோடி 6, ஆறு பேர் ஆனால் 15. கைடிடம் ஆளுக்குப் பதிலாக, புராஜெக்டில் இரண்டு மாட்யூலை (பகுதியை) வெட்ட அனுமதி கேளுங்கள். முழுதாக ஓடுகிற பாதி, ஓடாத முழுசைவிட மேல்.

கேள்வி: இப்போதுதான் ஏ.ஐ. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இனிமேல் டீம் எதற்கு? – கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: எழுதிக் கொடுக்கிறது, மறுக்கவில்லை. உங்கள் டீமில் நாலு பேரும் தனித்தனியாக அதனிடம் கேட்டு வாங்கி வந்து சேர்த்துப் பாருங்கள். ஒருத்தருக்குக் கிராமில் எழுதிக் கொடுத்திருக்கும், இன்னொருத்தருக்குக் கிலோவில். நாலு பேரும் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் சொன்னால்தானே அதற்குத் தெரியும்? நீங்களே முடிவு செய்யவில்லை என்றால் அது பாவம் என்ன செய்யும். பயன்படுத்துங்கள், ஆனால் விளக்கத் தெரியாத ஒரு வரியைக்கூட மெர்ஜ் செய்யாதீர்கள்.

கேள்வி: டீம் லீடராக யாரைப் போடுவது? – தாரமங்கலம் வாசகி

பதில்: நன்றாகக் கோடிங் எழுதுகிறவரைப் போடாதீர்கள், அவருக்கு வேலை இருக்கிறது. எல்லாரிடமும் சண்டை போடாமல் ‘முடிந்ததா’ என்று கேட்கத் தெரிந்தவரைப் போடுங்கள். மாதத்துக்கு ஒருத்தர் என்று மாற்றினால் இன்னும் நல்லது, கேட்கிறவர் படுகிற பாடு எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: இன்டர்வியூவில் டீம் புராஜெக்டைப் பற்றி ‘நாங்கள் செய்தோம்’ என்று சொன்னால் ‘நீ என்ன செய்தாய்’ என்கிறார்கள். ‘நான்’ என்று சொன்னால் ‘டீமில் மற்றவர்கள்?’ என்கிறார்கள். எப்படித்தான் பேசுவது? – சூரமங்கலம் வாசகர்

பதில்: இரண்டு கேள்வியும் நியாயமானதுதான் தம்பி. மொத்தத்தைச் சொல்லும்போது ‘நாங்கள்’, பிறகு உடனே ‘அதில் இந்தப் பகுதி நான்’ என்று பெயர் சொல்லி ஒன்று. அத்தோடு நிறுத்தாமல், உங்கள் பகுதி இன்னொருத்தர் பகுதியோடு சேரும்போது என்ன உடைந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யார் விட்டுக்கொடுத்தது என்று ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ‘எங்கள் டீமில் பிரச்சினையே வரவில்லை சார்’ என்று ஒருவர் சொன்னால், ஒருத்தர்தான் எழுதியிருக்கிறார், அது இவர் இல்லை என்று தோன்றிவிடும். சம்பவத்தைச் சொல்லும்போது தேதி, ஃபைல் பெயர் வரைக்கும் ஞாபகம் இருக்க வேண்டும் என்றால் இப்போதே கமிட் மெசேஜை ஒழுங்காக எழுதுங்கள். ‘அப்டேட்’, ‘சேஞ்சஸ்’, ‘ஃபிக்ஸ்’ என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. ‘சேதாரத்தைக் கொடுத்த எடையின் மேல் கணக்கிட மாற்றினேன்’ என்று தமிழிலேயே எழுதினாலும் கிட் ஏற்றுக்கொள்ளும்.